கடைசி வண்டி

மிதிவண்டி என்பது சமவெளிக்குரிய வாகனம் என்றே நம்மவர் பெரும்பாலும் எண்ணி வந்துள்ளனர். பால்காரர், தபால்காரர், பள்ளி மாணவர், ஆலைத் தொழிலாளர் ஆகிய அனைவரையும் அது தட்டையான சாலைகளில் சுமந்து சென்றதைக் கண்டே நாம் வளர்ந்தோம். மலை எதிர்ப்பட்டால் வண்டியை அடிவாரத்தில் யாரேனும் ஒருவர் வீட்டில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு மலையின் உண்மையான உயரத்தை அறிய விரும்புவோர் அதன்மீது ஒருநாள் மிதிவண்டியோடு ஏறிப் பார்த்தல் வேண்டும். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவருக்கு மலை கண்ணுக்கு விருந்து. மிதிவண்டியில் செல்பவருக்கோ அது மூச்சும் தொடையும் சேர்ந்து போடவேண்டிய கணக்கு.

தனியே ஏறினால் அக்கணக்கு எளிது. முடிந்தவரை மிதிக்கலாம், முடியாதபோது இறங்கி நிற்கலாம். பலர் கூடி ஏறும்போதுதான் கேள்வி எழுகிறது. யாருடைய வேகத்தில் செல்வது? முன்னால் போகிறவரின் வேகமா, பின்னால் வருகிறவரின் வேகமா? இக்கேள்விக்குக் கல்வராயன் மலைச் சாலையில் ஒரு மாலைப்பொழுதில் கிடைத்த விடையையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பதினான்கு பேர்

2025-ஆம் ஆண்டு பொங்கல் விழா முடிந்த மறுவாரத்தில், புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஏற்காடு வரை ஐந்து நாட்கள் மிதிவண்டியில் பிரயாணம் செய்வதென ஒரு குழு புறப்பட்டது. மொத்தம் பதினான்கு பேர். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தலைமை ஏற்றார். கல்லூரி மாணவர் ஐவர், மின்வாரிய ஊழியர் இருவர், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், அவளுடைய அண்ணன், தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆகியோரோடு நாமும் சேர்ந்துகொண்டோம். குருமடத்துக் காலத்தில் கிளைக் கிராமங்களுக்குச் செல்ல எமக்கு உதவியது ஒரு பழைய மிதிவண்டியே. ஐம்பது வயதைக் கடந்த பிறகும் அந்தப் பழக்கம் முற்றிலும் விட்டுப்போகவில்லை.

வண்டிகளும் ஒரே தரத்தன அல்ல. எட்டு வண்டிகள் கியர் உடையவை. ஆறு வண்டிகள் சாதாரணமானவை. அந்தப் பெண்ணின் வண்டி, அரசு பள்ளி மாணவர்க்கு விலையின்றி வழங்கும் வண்டி. முன்னே கூடையும் பின்னே கேரியரும் உள்ள அவ்வகை வண்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் எங்கும் தென்படுவன. தபால்காரப் பெரியவரின் வண்டியோ முப்பது ஆண்டுகள் கடிதப் பை சுமந்து தேய்ந்த பழைய இருப்பு வண்டி.

இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் கொள்ளுதல் நலம். சாதாரண வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், மிதிகட்டையை ஒருமுறை முழுதாகச் சுற்றும்போது வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் முன்னேறும். சமவெளியில் அது இலாபம். மேட்டிலோ அந்த ஐந்து மீட்டருக்குரிய பாரம் முழுவதும் ஒரே சுற்றில் காலின்மேல் விழும். கியர் வண்டியில் முன்னே சிறிய சக்கரத்தையும் பின்னே பெரிய சக்கரத்தையும் இணைத்துவிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே வண்டி நகரும். வேகம் குறையும், கால் பிழைக்கும். ஆகவே ஒரே சாலையில் சென்றாலும் எங்கள் பதினான்கு பேருக்கும் மலை ஒரே மலையாக இருக்கவில்லை.

முதல் நாள் விழுப்புரம் வழியாகச் சென்று, திருக்கோவிலூரில் தென்பெண்ணையைக் கடந்து, இருட்டும் வேளையில் ரிஷிவந்தியம் வந்து சேர்ந்தோம். முனிவர்கள் வந்து வணங்கிய தலம் என்பதால் அவ்வூருக்கு அப்பெயர் வந்ததாகக் கூறுவர். அங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோவிலில் தேனால் அபிடேகம் செய்வது சிறப்பு. அவ்வூர் உழவர் ஒருவர் தம் களத்துமேட்டில் வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் விரித்து எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார். அவர் மனைவியார் இரவிலே சுடச்சுட இட்லியும், விடிவதற்கு முன்னரே எழுந்து கடுங்காப்பியும் கொடுத்தனுப்பினார். பதினான்கு அந்நியருக்கு விருந்து படைத்த அந்த வீட்டார் எங்களிடம் கேட்டது ஒன்றே: "மலைப் பக்கம் போறீங்க, எல்லாரும் ஒண்ணாவே போங்க."

கரும்பு வண்டிகளோடு

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். தைப் பனி வயல்களின்மீது வெண்துகில் போல் படிந்திருந்தது. தியாகதுருகத்தை நெருங்குகையில் அக்கோட்டைக் குன்று பனிக்குமேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படையினர் ஆகியோரின் போர்களைக் கண்ட குன்று அது. அங்கிருந்து மேற்கே திரும்பிக் கள்ளக்குறிச்சி சேர்ந்தபோது மணி எட்டு.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான ஊர் அது. அதன் மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அவ்வூரின் பெயரை நாடு முழுவதும் கேட்டது 2024 சூனில்தான். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த துயரம் அம்மாதம் நேர்ந்தது. ஊரைக் கடக்கும்போது எங்களுள் எவரும் பேசவில்லை. ஆசிரியர் மணியை அடிக்காமலே முன்னே சென்றார். நாங்களும் அவ்வாறே பின்தொடர்ந்தோம்.

கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகச் சென்றன. அவ்வூரிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அரவைக்காகப் போகும் பாரங்கள் அவை. இருபுறமும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறி வந்தன. தட்டையான அந்தச் சாலையில் பதினான்கு வண்டிகளும் ஒரே சரமாகச் சென்றன. தபால்காரப் பெரியவர் நடுவில் வந்துகொண்டே, எந்த ஊரில் எந்த நாளில் சந்தை, எங்கே நாய்த் தொல்லை அதிகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பணியாற்றியது இப்பகுதியில் அன்று. ஆனால் தபால்காரருக்கு எல்லா ஊரும் ஒன்றுபோலவே தெரியும் போலும்.

கோமுகி அணையின் கரையில் வண்டிகளைச் சாய்த்து, புளிச்சோறு உண்டோம். கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றை 1960-களில் தடுத்துக் கட்டிய அணை அது. 46 அடி நீர் தேக்கும். நீரின் மறுபுறத்தில் மலை நீலச் சுவராக எழுந்து நின்றது. அந்தப் பெண் அதைப் பார்த்தபடியே சோற்றை மென்றுகொண்டிருந்தாள். "இதுலயா ஏறப் போறோம்?" என்று அண்ணனைக் கேட்டாள். "முடியலைன்னா பஸ்ல ஏத்தி விட்டுடச் சொல்லி அப்பா சொல்லியிருக்காரு" என்றான் அவன். அவள் மறுமொழி கூறவில்லை. கைகழுவிவிட்டு வந்து தன் வண்டியின் இருக்கையை ஒரு விரல் அளவு உயர்த்தித் தரும்படி கடைக்காரத் தம்பியைக் கேட்டாள். அதுவே அவளுடைய மறுமொழி.

அங்கேயே ஆசிரியர் ஒரு ஒழுங்கை வகுத்தார். மலைப்பாதையில் அவரவர் வேகத்தில் ஏறலாம். மேலே முதல் தேநீர்க் கடையில் அனைவரும் கூடவேண்டும். குழுவின் கடைசி வண்டியாக ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் எவரும் இருத்தல் கூடாது. "அந்தக் கடைசி வண்டி யாரு?" என்று அவர் கேட்டபோது தபால்காரப் பெரியவர் கையை உயர்த்தினார். "கடைசி வீட்டுக் கடுதாசி போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு வேலை முடிஞ்சதா கணக்கே இல்ல, சார். அந்தப் பழக்கம் எனக்கு இருக்கு" என்றார்.

ஏற்றம்

மலைச் சாலையின் முதல் மேட்டிலேயே எங்கள் சரம் அறுந்துவிட்டது. கல்லூரி மாணவர் ஐவரும் கியர் வண்டிகளில் மறைந்தனர். மின்வாரிய ஊழியர்களும் ஆசிரியரும் அவர்களுக்குப் பின்னே. நாம் நடுவில் எங்கோ. சாதாரண வண்டிக்காரர்கள் பின்னே. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கீழே திரும்பிப் பார்த்தால் ஒரு வண்டி தெரியும்; அடுத்த வளைவில் அதுவும் தெரியாது. மூங்கில் புதர்களுக்கும் கடுக்காய் மரங்களுக்கும் இடையே மனிதர் ஒவ்வொருவராகப் பிரிந்து போயினர்.

மலை ஏறுகையில் உடல் எங்ஙனம் இயங்குகிறது என்பதைப் பலர் அறியார். தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தே பெரும்பாலும் அப்போது எரிகிறது. அச்சேமிப்பு சில மணி நேரத்திற்கே போதும். அது தீர்ந்தால் எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் கால் நகராது, கண் இருட்டும், கை நடுங்கும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் தசைப்பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். பிரான்சு நாட்டின் சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த பால் டி விவி (1853–1930) என்பவர் நெடுந்தூர மிதிவண்டிப் பிரயாணத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். பந்தய வீரர்கள் கியரை எள்ளி நகையாடிய காலத்திலே அதன் பயனை எடுத்துக் கூறியவர் அவர். பசிக்கும் முன்னரே உண், தாகம் எடுக்கும் முன்னரே பருகு, வீண் பெருமைக்காக மிதிக்காதே என்பன அவர் பிரயாணிகளுக்கு விட்டுச்சென்ற அறிவுரைகளின் சாரம். புகழ்பெற்ற பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வீரர்க்கு இத்தகைய கியரை அனுமதித்தது அவர் இறந்து ஏழாண்டு கழித்து, 1937-இல்தான்.

ஆசிரியரும் இதனை அறிந்தவராதலால், ஒவ்வொருவரிடமும் கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றும் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் ஒரு புட்டியும் கொடுத்திருந்தார்.

பெரியார் அருவியருகே நாமும் அங்கன்வாடிச் சகோதரியும் வண்டியை விட்டிறங்கித் தள்ளத் தொடங்கினோம். அப்போது எங்களைக் கடந்து ஒரு மலைப்பெண்மணி சென்றார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தலையில் புளி நிறைந்த மூட்டை, காலில் செருப்பில்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்து அவர் கேட்டார்: "ஏஞ் சாமி, ஏறிப் போறதுக்குத்தானே வண்டி? அத நீங்க இழுத்துக்கிட்டுப் போறீங்களே!" நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். மூட்டை அசையவில்லை. ஐந்து நிமிடத்தில் அவர் அடுத்த வளைவைக் கடந்து மறைந்துபோனார். குறுக்கு வழியில் இறங்கிச் சந்தைக்காரரிடம் புளியைப் போட்டுவிட்டு மீண்டும் வீடு திரும்ப ஏறவேண்டும் என்று அவர் சொல்லிச் சென்றது எங்கள் காதில் நின்றது.

மலையின் வரலாறு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஏறக்குறைய 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம் உடையது. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு அவர்களுக்கு யாதொரு தொடர்பும் இல்லை. தமிழே அவர்கள் தாய்மொழி. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிட்டும், கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்தும் வாழ்பவர்கள்.

நம்மில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னும் இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்பன அம்மூன்று ஜாகீர்களின் பெயர்கள். அரசு அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றது 1976-இல்தான். அதாவது, சமவெளியில் நாம் விடுதலைக் கொடி ஏற்றி 29 ஆண்டுகள் கழிந்த பிறகே அரசின் கை இம்மலைமக்களை முறையாக எட்டியது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அதற்குப் பின்னரே ஒவ்வொன்றாக ஏறி வந்தன. இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கெனத் தனி வட்டமே உள்ளது. ஆயினும் 2024-ஆம் ஆண்டுச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இம்மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவம் முதலிய வசதிகளைப் பற்றி அரசிடம் வினவ வேண்டியிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே இவற்றை எண்ணிப் பார்த்தபோது, நாட்டின் பிரயாணமும் எங்கள் பிரயாணம் போன்றதே என எமக்குத் தோன்றிற்று. முன்னால் போனவர்கள் முன்னால் போய்விட்டனர். பின்னால் வருகிறவர்கள் எந்த வளைவில் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.

எண்ணிக்கையில் இருவர் குறைவு

தேநீர்க் கடையை நாம் அடைந்தபோது மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. கல்லூரி மாணவர்கள் நாலரைக்கே வந்து, வடை தின்று, கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். ஐந்தேகாலுக்கு ஆசிரியர் எண்ணினார். பன்னிரண்டு. மீண்டும் எண்ணினார். பன்னிரண்டே. பெரியவரும் அந்தப் பெண்ணும் வரவில்லை. அவளுடைய அண்ணனின் முகம் வெளிறிப்போயிற்று. "பின்னாடிதானே வந்தா… போஸ்ட்மேன் ஐயா கூட வராருன்னுதான் நான் முன்னாடி வந்தேன்" என்றான். கைபேசிகளை எடுத்துப் பார்த்தனர்; ஒன்றிலும் சமிக்ஞை இல்லை.

அவ்வேளையில் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை செல்லும் பேருந்து உறுமிக்கொண்டு ஏறி வந்தது. நடத்துநர் எங்கள் வண்டிகளைக் கண்டு படியில் நின்றபடியே கூவினார்: "உங்க ஆளுங்களா? கீழ வளைவுல ரெண்டு சைக்கிள் ஓரமா சாய்ஞ்சு கிடக்குதுங்க. ஆளைக் காணோம்!"

ஒரு கணம் எவரும் அசையவில்லை. தை மாதத்து மலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சாலையின் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அந்தப் பெண்ணின் தந்தைக்கு என்ன சொல்வது என்ற எண்ணம் எல்லோர் நெஞ்சையும் அழுத்தியது. ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முதலாவதாக வந்து சேர்ந்த மாணவர் இருவரும் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினர். கடைக்காரத் தம்பி தன் பையிலிருந்து இரண்டு கைவிளக்குகளை எடுத்து அவர்கள் வண்டியில் கட்டிவிட்டான். "ரிம் சூடாயிடும். ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிங்க" என்று மட்டும் சொன்னான். அரை நாள் முழுவதும் வியர்வை சிந்தி ஏறிய உயரத்தை அவர்கள் சில நிமிடங்களில் இறங்கிப் போனார்கள். பேருந்தைப் பிடித்துப் பின்னால் வருவோம் என்று மற்றவர் சொல்லவும் வாய்ப்பில்லை. பேருந்து மேலே செல்வது, வேண்டியதோ கீழே.

நாங்கள் காத்திருந்தோம். காத்திருத்தல் ஏறுவதைக் காட்டிலும் கடினம் என்பதை அன்று அறிந்தோம். அங்கன்வாடிச் சகோதரி செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன்காரன் சாலையின் விளிம்புக்கும் கடைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தான். ஆறரை மணி. ஏழு மணி. ஏழேகாலுக்குக் கீழ் வளைவில் ஓர் ஒளி தெரிந்தது, பிறகு இரண்டு, பிறகு பேச்சுக்குரலும், சிரிப்பொலியும் கேட்டன. சிரிப்பொலி கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

நடந்தது இதுவே. நண்பகலிலிருந்து பெரியவர் தம் பங்குக் கடலை மிட்டாயைத் தின்னாமல் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். தண்ணீரையும் அவளுக்கே மிச்சம் வைத்திருக்கிறார். நாலு மணியளவில் அவருக்குக் கண் இருட்டி, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பும் வந்து, சாலையோரத்தில் அமர்ந்துவிட்டார். "நீ போம்மா, நான் மெதுவா வரேன்" என்று எத்தனை முறை சொல்லியும் அவள் போகவில்லை. சந்தைக்காரரிடம் புளியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஏறிய அதே மலைப்பெண்மணி அவர்களைக் கண்டிருக்கிறார். பெரியவரின் ஒரு கையைத் தாம் பிடித்து, மறு கையை அந்தப் பெண்ணைப் பிடிக்கச் சொல்லி, சாலைக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் இருந்த தம் குடிசைக்கு அழைத்துச் சென்று, உப்பிட்ட சாமைக் கஞ்சி கொடுத்திருக்கிறார். அவர்களைத் தேடிச் சென்ற மாணவர்களுக்கும் ஆளுக்கொரு குவளை. காசு கொடுக்க முனைந்தபோது, "கஞ்சிக்கா காசு?" என்று கடிந்துகொண்டாராம். அவர் மகன் எங்கள் கடை வரை கூடவே நடந்துவந்து, விளக்கை உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனான்.

பெரியவரின் பழைய வண்டியை ஒரு மாணவனும், பெண்ணின் வண்டியை மற்றொருவனும் தள்ளி வந்தனர். கியர் வண்டிகளில் ஒன்றைப் பெரியவர் ஊன்றுகோல் போல் பிடித்து நடந்தார். மற்றொன்றின்மேல் அந்தப் பெண் அமர்ந்து, மிகச் சிறிய கியரில் மிதித்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தாள்.

அண்ணன் அவளிடம் கோபமாகக் கேட்டான்: "அவருதான் போகச் சொன்னாரே, நீ ஏன் நின்ன? பஸ்ஸை நிறுத்தி ஏறி வந்திருக்கலாமில்ல?"

அவள் சொன்னாள்: "அவருதானே கடைசி வண்டி. கடைசி வண்டிக்குப் பின்னாடி யாரு வருவா? அதான் நான் நின்னுட்டேன்."

இருமுறை ஏறியவர்கள்

அன்றிரவு வெள்ளிமலையில் நெருப்பு மூட்டிச் சுற்றி அமர்ந்திருந்தோம். பெரியவர் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். இறங்கிச் சென்று மீண்டும் ஏறிய மாணவர்களில் ஒருவன் எம்மிடம் சொன்னான்: "ஃபாதர், ரெண்டு தடவ ஏறினோம். மொதல்ல ஏறினது ஞாபகமே இல்ல. ரெண்டாவது ஏறினதுதான் ஏறின மாதிரி இருக்கு."

அப்போது அவர்களுக்கு ஜீனோ பார்த்தாலி என்னும் இத்தாலிய வீரரைப் பற்றிச் சொன்னோம். 1914-இல் பிளாரன்ஸ் நகரருகே பிறந்தவர். மலைப்பாதைகளில் அவரை வெல்ல ஆளில்லை. பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை 1938-இலும், போரினால் இளமையின் சிறந்த ஆண்டுகளை இழந்த பின் மீண்டும் 1948-இலும் வென்றார். 1943–44-இல் செருமானியர் இத்தாலியை ஆக்கிரமித்திருந்தபோது, யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளச் சீட்டுகளைத் தம் மிதிவண்டியின் குழாய்க்குள் மறைத்து, பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயிற்சிக்குச் செல்பவர் போலச் சென்று வந்தார். பிளாரன்சுப் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அம்மறைவுப் பணிக்குத் துணை நின்றார். பார்த்தாலி இதைப் பற்றி உயிரோடிருந்தவரை பெரிதாகப் பேசியதில்லை. 2000-இல் அவர் இறந்தார். எருசலேமிலுள்ள யாத் வஷேம் நினைவு நிலையம் 2013-இல் அவரை நேர்மையாளர் வரிசையில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

இத்தாலியின் கோமோ ஏரிக்கு மேலே கிசாலோ என்ற குன்றில் ஓர் அன்னை மரியாள் சிற்றாலயம் உண்டு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அந்த அன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். வெற்றி பெற்ற வீரர்களின் வண்டிகளும் சட்டைகளும் அங்கே காணிக்கையாகத் தொங்குகின்றன. பார்த்தாலி வென்ற கோப்பைகள் பல. ஆனால் அவர் கால்களின் வலிமை முழுப்பயன் அடைந்தது, எந்தக் கோட்டையும் முதலில் தொடாத அந்தப் பயணங்களில்தான். இதைக் கேட்டு மாணவர்கள் நெடுநேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மறுநாள் காலை ஒழுங்கு மாறிற்று. ஆசிரியர் கேட்கும் முன்னரே மாணவர்களே முன்வந்தனர். கடைசி வண்டி இனி ஒன்றன்று, இரண்டு. கியர் உள்ளவர்கள் முறை வைத்துப் பின்னே வருவர். சாதாரண வண்டிகள் முன்னே செல்லும். அவற்றின் வேகமே குழுவின் வேகம். வண்டிகளும் இரண்டு மணிக்கொருமுறை கைமாறும். அந்தப் பெண் கியர் வண்டியில் பழகிக்கொண்டாள். மாணவர்கள் அவளுடைய கூடை வண்டியை மிதித்து, மலை என்றால் என்ன என்று அறிந்துகொண்டனர். கருமந்துறை வழியாக இறங்கி, நான்காம் நாளில் சேலம் சேர்ந்து, ஐந்தாம் நாள் மாலை ஏற்காட்டை அடைந்தோம். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் ஏரிக்கரையில் நின்றோம். திட்டமிட்டதைவிட மூன்று மணி நேரம் தாமதம். அதைப் பற்றி எவரும் குறைகூறவில்லை.

அன்பு வாசகர்களே, ஒவ்வொரு வீடும் கூடிச் செல்லும் ஒரு பிரயாணமே. அதில் கியர் வண்டி கிடைத்தவரும் உண்டு, கிடைக்காதவரும் உண்டு. படிப்பில் பின்தங்கும் பிள்ளை, வேலையிழந்த தம்பி, படியேற முடியாத பாட்டி ஆகியோர் நம் வீட்டின் கடைசி வண்டிகள். அவர்களை விரைவுபடுத்த நாம் கூச்சலிடுகிறோம்; அல்லது, பின்னால் பார்த்துக்கொள்ள யாரோ இருக்கிறார் என்று நம்பி முன்னே போய்விடுகிறோம். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வீட்டின் தாயாராக இருப்பார். எல்லோருக்கும் பின்னால் வருகிற அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்று நாம் கேட்பதில்லை. தம் பங்கு கடலை மிட்டாயை அவர் எவருக்கோ கொடுத்துவிட்டுப் பட்டினியாக வருவதையும் நாம் காண்பதில்லை.

ஆகவே இன்றிரவு உணவுக்கு அமரும்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா? குறைகிறவர் யார்? அவர் எந்த வளைவில் நிற்கிறார்? எண்ணிக்கை சரியாகும்வரை தேநீர் ஆறினாலும் பரவாயில்லை.